செவலையின் சொறி: ஒரு மாத்திரை, ஒரு ஷாம்பு, ஒரத்தநாட்டுக்கு நான்கு நடை

தைப் பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். எங்கள் நாய் செவலையின் இடது கண்ணைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி உதிர்ந்திருந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து ஆனி மாதம் வரை அவள் தோலுக்காக என்ன வாங்கினேன், என்ன பூசினேன், என்ன கொடுத்தேன் என்று அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ரவிக்கை தைக்க வருகிறவர்களில் நாய் வளர்ப்பவர்கள் செவலையைப் பார்த்துவிட்டு, "இதுவா அந்த நாய்? என்ன மருந்து போட்டீங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பாதி சொல்கிறேன், மீதி மறந்துபோகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அவளைக் குணமாக்கியது ப்ராவெக்டோ என்ற மாத்திரை. அதற்குத் துணை நின்றது பென்சாயில் பெராக்சைடு கலந்த ஷாம்பு. இரண்டையும்விட நான் பெரிதாக மதிப்பது, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவள் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த அந்தப் பத்து நிமிடத்தை. அதை முதலிலேயே செய்திருந்தால் அவளுக்கு இரண்டு மாத வேதனை மிச்சமாகியிருக்கும்.

எங்கள் வீடு தஞ்சாவூர் கரந்தையில். வாசலை ஒட்டிய அறையில்தான் தையல் மிஷின். போன ஐப்பசி அடைமழையில் வடவாற்றுக் கரையில் கிடந்த நான்கு குட்டிகளில் ஒன்றை மகன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். அப்போது அவளுக்கு இரண்டு மாதம் இருக்கலாம். செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைக் கீற்று. செவலை என்ற பெயர் தானாக வந்தது.

கண்ணைச் சுற்றி முடி உதிர்ந்தபோது அவள் சொறியவே இல்லை. அதனால் எங்கேயோ இடித்துக்கொண்டாள் என்று விட்டுவிட்டேன். பத்து நாளில் வாய் ஓரத்திலும் முன்னங்கால்களிலும் அதே மாதிரி வழுக்கை விழுந்தது. தோல் சிவந்து, தொட்டால் லேசாகச் சுட்டது. அப்புறம்தான் அரிப்பு ஆரம்பித்தது. இரவெல்லாம் கால் நகம் தரையில் தட்டுகிற சத்தம்.

வீட்டு வைத்தியத்தில்தான் தொடங்கினேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். அடுத்த வாரம் குப்பைமேனி. பூசிய கொஞ்ச நேரத்துக்கு அவள் அமைதியாக இருந்தாள், பிறகு நக்கித் தீர்த்தாள். இவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் அம்மா எங்களுக்கு அரைத்துப் பூசியவை இவை. ஆனால் செவலைக்கு இருந்த பூச்சி முடி வேருக்குள் குடியிருப்பது. மேலே பூசிய விழுது அங்கே போய்ச் சேராது. இதை நான் தெரிந்துகொண்டது பங்குனியில்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தெருமுனை மெக்கானிக் கடையில், "பழைய இன்ஜின் ஆயிலை நாலு நாள் தடவுங்கக்கா, சொறி ஓடிடும்" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றியும் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எட்டாம் வகுப்புப் படிக்கிற மகன்தான் வாசலிலேயே மறித்து, "அதை அவ நக்குவாம்மா" என்றான். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. கழிவு ஆயிலில் பெட்ரோலியக் கழிவும் உலோகத் துகளும் இருக்கும். தோலைப் பொசுக்கும், தோல் வழியாக உள்ளே இறங்கும், நக்கினால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நம் ஊரில் எத்தனையோ தெரு நாய்கள் கருகிய மாதிரி ஆயில் பூசிக்கொண்டு திரிவதைப் பார்க்கிறோம். தயவு செய்து யாரும் செய்யாதீர்கள். யாராவது செய்தால் தடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்து ஆன்லைனில் ஒரு மூலிகை ஸ்பிரே வாங்கினேன். அட்டையில் 'முற்றிலும் இயற்கை' என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்த பொருள்களில் டீ ட்ரீ எண்ணெய் ஒன்று. அடித்த ஐந்து நிமிடத்தில் அவள் வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது, கழுவி விட்டேன். அந்த எண்ணெய் கெட்டியான அளவில் நாய்களுக்கு நஞ்சு என்று பிறகு டாக்டர் சொன்னார். இயற்கையானது என்பதற்காக அது நாய்க்கு நல்லது என்று ஆகிவிடாது. அந்த ஸ்பிரேக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் 5க்கு 0.

மாசி பிறந்ததும் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். பெயர் சொல்லப் போவதில்லை. மேசை மேல் ஏற்றி, பார்த்து, அலர்ஜி என்று சொல்லி ஓர் ஊசியும் பத்து நாளைக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். தோலைச் சுரண்டிப் பார்க்கவில்லை. இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிட்டது. அன்று ராத்திரி நாங்கள் எல்லோரும் ஒழுங்காகத் தூங்கினோம். அந்தக் கிளினிக்கைப் பற்றி நான்கு பேரிடம் நல்லபடியாகச் சொல்லியும் வைத்தேன்.

மாத்திரை முடிந்த பிறகு முதுகு, வயிறு, தொடை என்று முடி கொத்துக் கொத்தாகக் கழன்றது. கழுத்தில் சீழ்க் கொப்புளம், பாதங்கள் வீங்கி விரலிடுக்கில் இரத்தம். படுத்த சாக்கில் காலையில் கறை இருக்கும். பக்கத்தில் போனாலே ஒரு புளித்த வாடை. மிஷினுக்குக் கீழே என் காலடியில் படுத்துக்கொள்கிறவள், எழுந்து வாசல் படிக்கட்டில் தனியாகப் போய்ப் படுத்தாள். அந்தப் படிக்கட்டுதான் எதிர்வீட்டு அக்கா கண்ணில் பட்டது. "சொறி நாயை வீட்டோட வச்சிருக்கியே, என் பேரனுக்கு ஒட்டிக்கிட்டா என்ன செய்யறது? எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வா" என்றார். அவர் பயத்தைத் தப்பு என்று சொல்ல என்னிடம் பதில் இல்லை. எனக்கே தெரியாது.

துணி தைக்க வந்த ஒரு டீச்சரம்மாதான் ஒரத்தநாடு போகச் சொன்னார். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி அது, 2012இல் தொடங்கியது. கூடவே மருத்துவமனையும் இருக்கிறது. மாணவர்கள் பாடம் படிக்கிற இடம், அதனால் ஒரு நாயை ஐந்தாறு பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டர் போல. பேருந்தில் இந்த நிலைமையில் ஏற்ற முடியாது. தெரிந்த லோடு ஆட்டோ அண்ணன் பின்னால் சாக்கு விரித்துக் கொடுத்தார். மார்ச் 18, காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம்.

முதல் வேலையாகத் தராசில் ஏற்றினார்கள். பத்தரைக் கிலோவும் கொஞ்சமும், 10.6. இந்த எண்ணைக் கவனத்தில் வையுங்கள், பிறகு வருகிறது.

டாக்டர் அவள் காது மடலின் ஓரத்தை மடித்து, காதோடு காதாக மெதுவாகத் தேய்த்தார். பின்னங்காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கால் அசையவில்லை. சார்கோப்டிஸ் என்ற சொறிப்பூச்சி இருந்தால் இப்படித் தேய்க்கும்போதே பல நாய்களுக்குப் பின்னங்கால் தானாகச் சொறிய ஆரம்பித்துவிடுமாம். மனிதருக்கு ஒட்டி அரிப்பைக் கொடுப்பது அந்தப் பூச்சிதான். இது ஒரு குறிப்பு மட்டும், முடிவு மைக்ராஸ்கோப்பில்தான் என்றார்.

அப்புறம் சுரண்டினார்கள். இதை நான் அருகில் இருந்து பார்த்தேன், அவள் தலை என் மடியில்தான் இருந்தது. முன்னங்காலில் சிவந்த இடமாகப் பார்த்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தோலைக் கொத்தாகப் பிடித்து அழுத்தினார்கள். முடி வேருக்குள் இருப்பது மேலே பிதுங்கி வருவதற்காக. பிளேடில் ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின் எண்ணெய். பிளேடைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்து, முடி வளரும் திசையிலேயே இழுத்து இழுத்துச் சுரண்டினார்கள். கத்தி வெட்டுகிற மாதிரி இல்லை, தையல் சாக்குக்கட்டியை நகத்தால் சுரண்டுகிற மாதிரி. பனித்துளி போல இரத்தம் கசியும் வரை. இரத்தம் கசிந்தால்தான் ஆழம் சரியென்று மாணவர்களிடம் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். செவலை ஒரு தடவை முனகினாள், அவ்வளவுதான். சுரண்டியதை எண்ணெயோடு கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்துப் போனார்கள். இப்படி மூன்று இடத்தில்.

ஒரு மாணவி என்னையும் கூப்பிட்டு, "பாருங்கம்மா" என்றாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். முதலில் காற்றுக் குமிழியும் முடித் துண்டும் மட்டும் தெரிந்தன. அவள் ஏதோ திருகியதும் தெளிந்தது. சுருட்டு மாதிரி நீண்ட உடம்பு, முன்பாதியில் மட்டும் எட்டுக் குட்டைக் கால்கள், அவை மெதுவாக அசைந்தன. ஒன்றில்லை, அந்த வட்டத்துக்குள் எண்ணவே முடியவில்லை. நடுவில் பெருத்து இரு முனையும் கூர்ந்து, நூல் நூற்கிற கதிர் மாதிரி இருந்தவை முட்டைகளாம். ஒரு பூச்சி ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குதான். இத்தனையைத் தோலுக்குள் வைத்துக்கொண்டா என் காலடியில் வாலாட்டிக்கொண்டு கிடந்தாள் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

அதன் பெயர் டெமோடெக்ஸ். பெயர் தெரிந்த அந்த நிமிடத்தில் எல்லாம் மாறியது. இந்தப் பூச்சி பெரும்பாலான நாய்களின் தோலில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். குட்டி பிறந்த முதல் சில நாள்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து வருவது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அளவோடு வைத்திருக்கும். சில குட்டிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு பிறவியிலேயே குறைவு, பட்டினியும் குடல் புழுவும் சேர்ந்தால் இன்னும் குறையும், அப்போது பெருகிவிடும். கண்ணோரம், வாயோரம் என்று ஓரிரண்டு இடத்தில் மட்டும் இருந்தால் பல குட்டிகளுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் தானாகவே ஆறிவிடுமாம். செவலைக்கும் தையில் அந்த நிலைமைதான்.

பிறகு என் பையிலிருந்த பழைய மருந்துச் சீட்டைக் காட்டினேன். டாக்டர் ஒரு வரியில் விரல் வைத்தார்: பிரெட்னிசோலோன், ஸ்டீராய்டு. அரிப்பை நிறுத்தும், கூடவே எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும். டெமோடெக்ஸ் இருக்கிற நாய்க்கு அதைக் கொடுத்தால் பூச்சிக்குக் கதவைத் திறந்துவிட்ட கணக்கு. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "சுரண்டிப் பார்க்காம ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாதும்மா, அவ்வளவுதான்" என்றார். அலர்ஜி உள்ள நாய்க்கு அதுவே நல்ல மருந்து. தெள்ளுப்பூச்சி, உணவு அலர்ஜி, பூஞ்சை என்று அரிப்புக்கும் முடி உதிர்வுக்கும் வேறு காரணங்களும் உண்டு. கண்ணால் பார்த்து எல்லாவற்றையும் பிரித்துவிட முடியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கிளம்பும் முன் எதிர்வீட்டுப் பேரனைப் பற்றிக் கேட்டேன். "நாயோட டெமோடெக்ஸ் மனுஷனுக்கு ஒட்டாதும்மா. நம்ம முகத்திலயும் இருக்கு, அது வேற வகை" என்றார். அன்று இரவு அவள் மறுபடி மிஷினுக்குக் கீழே படுத்தாள். சாக்கை நானே இழுத்து உள்ளே போட்டேன்.

இனி மருந்து. டாக்டர் மூன்று வழி சொன்னார். முதலாவது அமிட்ராஸ்: தண்ணீரில் கலந்து உடம்பெல்லாம் ஊற்றி, துடைக்காமல் காயவிட வேண்டும், வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பல மாதம். நாய் நக்கக் கூடாது, ஊற்றுகிறவர் கையுறை போட்டுக் காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். "வீட்ல சர்க்கரை வியாதி யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு எட்டு வருஷமாக இருக்கிறது. அமிட்ராஸ் இரத்தச் சர்க்கரையைக் கூட்டக்கூடியது, அப்படிப்பட்டவர்கள் தொடாமல் இருப்பது நல்லது என்றார். செல்லப்பிராணிக் கடையில் இதை எனக்கு ஏற்கெனவே ஒரு பாட்டில் கொடுக்கப் பார்த்தார்கள், இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது ஐவர்மெக்டின். ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து வந்த மருந்து, அதைக் கண்டுபிடித்ததற்காக சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று மகன் பிறகு தேடிச் சொன்னான். விலை மிகக் குறைவு. ஆனால் டெமோடெக்ஸுக்கு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தினமும், மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். கோலி போன்ற சில நாய் இனங்களில், பரம்பரையாக வரும் ஒரு மரபணு மாற்றத்தால் மருந்து மூளைக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடக் கூடாத மருந்து.

மூன்றாவது ப்ராவெக்டோ. உள்ளே இருக்கும் மருந்து ஃபுளூரலனர். ஒரு மாத்திரை பன்னிரண்டு வாரத்துக்கு. விலைதான் கேட்டதும் மலைப்பாக இருந்தது, என் பில்லில் இரண்டாயிரத்தை ஒட்டி வந்தது. பத்து ரவிக்கைக் கூலி. ஆனால் நடக்கவே முடியாத நாயை வாராவாரம் மருந்துத் தண்ணீரில் நனைப்பதையும், தினம் ஒரு மருந்தை மறக்காமல் அளந்து கொடுப்பதையும் நினைத்துப் பார்த்து இதையே எடுத்தேன். வேறு கம்பெனிகளும் இதே குடும்பத்து மருந்துகளை மாதம் ஒரு மாத்திரையாக விற்கின்றன. ஒரே தடவையில் பெரிய தொகை போட முடியாதவர்கள் டாக்டரிடம் அதைக் கேட்கலாம்.

அந்த 10.6 கிலோ கதைக்கு வருகிறேன். மாத்திரை எடைக்குத் தகுந்தபடி வருகிறது. நாலரையிலிருந்து பத்துக் கிலோ வரை 250 மில்லிகிராம், பத்துக்கு மேல் இருபது வரை 500. வீட்டில் நான் தூக்கிப் பார்த்து ஒன்பது கிலோ என்று நினைத்திருந்தேன். அதை நம்பி 250 வாங்கியிருந்தால் கிலோவுக்கு 23.6 மில்லிகிராம்தான் கிடைத்திருக்கும். குறைந்தது 25 வேண்டும். எலும்பும் தோலுமாக இருக்கிற நாயின் எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். அளவு டேப்போடு இருபது வருஷம் வேலை செய்கிற கைக்கே தப்பியது.

கொடுப்பது சுலபம். மெல்லும் மாத்திரை, கறி வாடை அடிக்கும். வெறும் வயிற்றில் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது, சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். கோழி ஈரல் கலந்த சோற்றில் பாதியைத் தின்னவிட்டு, நடுவில் மாத்திரையை வைத்து, மீதியையும் கொடுத்தேன். அடுத்த நாள் கொஞ்சம் இளக்கமாகப் போனாள், அதோடு சரி. முன்னே எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். இந்தக் குடும்பத்து மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் எச்சரித்திருக்கிறது. வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை பூச்சியைக் கொல்லும், சீழை ஆற்றாது. அதற்கு செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாட்டிக் நான்கு வாரம், காலையும் இரவும். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் வாந்தி இல்லை. பத்தாம் நாளே கொப்புளம் காய்ந்துவிட்டது, நிறுத்திவிடலாமா என்று தோன்றியது, நிறுத்தவில்லை.

ஷாம்பு விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், வாரம் இரண்டு தடவை. முடி வேரின் துளைக்குள் அடைந்த எண்ணெயையும் பொருக்கையும் கழுவி வெளியே தள்ளுவது இதன் வேலை. நாம் தலைக்குக் குளிக்கிற மாதிரி போட்டதும் அலசிவிட்டால் வீண். பத்து நிமிடம் தோலில் இருக்க வேண்டும். பத்து நிமிடம் ஒரு நாய்க்கு எவ்வளவு நீளம் என்பது குளிப்பாட்டினால்தான் தெரியும். கிணற்றடியில் துவைக்கும் கல் மேல் நிற்கவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்து, ஷாம்பை விரல் நுனியால் மெல்ல வட்டமாகத் தேய்ப்பேன். மகன் முன்னால் உட்கார்ந்து அவள் முகவாயைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதை சொல்வான். ஆறாம் நிமிடத்தில் பொருக்கு ஊறி, அப்பளம் தண்ணீரில் நனைந்த மாதிரி ஓரம் தூக்கும். அதைப் பிய்க்கக் கூடாது. அலசும்போது தானாக வந்துவிடும். முதல் தடவை தண்ணீர் பழுப்பாக ஓடியது. ஐந்தாம் தடவை தெளிவாக ஓடியது.

குறை இரண்டு. தோல் வறண்டு பொடிப்பொடியாக உதிரும், அதற்கு டாக்டர் ஒரு ஈரப்பத லோஷன் எழுதிக் கொடுத்தார். இன்னொன்று துணி. துவட்டிய நீலத் துண்டில் அடுத்த நாள் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. இந்த மருந்து சாயத்தை வெளுக்கும் என்று அட்டையில் பொடி எழுத்தில் இருந்தது. ஈர நாயோடு துணி அறைக்குள் நுழையாதீர்கள். நான் நல்ல வேளையாக வாடிக்கையாளர் புடவை எதையும் இழக்கவில்லை. பழைய வெள்ளை வேட்டி ஒன்றை அவளுக்கென்று ஒதுக்கிவிட்டேன். 5க்கு 4 கொடுப்பேன்.

நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கோன் கடையில் வாங்கினேன். ஓரம் அவள் கழுத்துப் புண்ணிலேயே உரசியது. கழற்றி எறிந்துவிட்டு, பழைய பருத்திப் பாவாடைத் துணியை இரண்டு அடுக்காக வைத்து, உள்ளே மெல்லிய ஸ்பாஞ்சு கொடுத்து, விளிம்பில் பைப்பிங் வைத்து ஒன்று தைத்தேன். கழுத்துப் பக்கம் நாடா. மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு விரல் நீளம் இருந்தால் பாதத்தை நக்க முடியாது. இந்த அளவு சரியாக வர மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். துவைத்துக் காயப்போட இரண்டு செட் வேண்டும்.

ஏப்ரல் 20இல் இரண்டாவது சுரண்டல். சில பூச்சிகள் கிடந்தன, கால் அசையவில்லை. மே 20, ஒன்றும் இல்லை. அதற்குள் முதுகில் பூனைமுடி போல மெல்லிசாகச் செம்பட்டை முளைத்திருந்தது, மருந்தை நிறுத்திவிடலாம் என்றேன். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. முடி வளர்வதை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை தொடர்ந்து பூச்சி இல்லாமல் வந்தால்தான் குணம் என்று எழுத முடியும் என்றார். பாதியில் விட்ட நாய்கள்தான் திரும்ப வருகின்றனவாம். ஜூன் 10இல் பன்னிரண்டு வாரம் முடிந்து இரண்டாவது மாத்திரை கொடுத்தேன். அன்று எடை 14 கிலோ. ஜூன் 22, நான்காவது நடை, சில்லில் எண்ணெயும் முடியும் மட்டும். அந்த மாணவியே என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

இந்த மாத்திரையால் உண்ணியும் அண்டவில்லை. கோடையில் கரந்தையில் நாய்களின் காதெல்லாம் உண்ணி தொங்கும், இவளுக்கு ஒன்றுகூட இல்லை. தெரு நாய்களுக்குச் சோறு வைப்பவர்கள் இதை யோசிக்கலாம். பிடித்துக் குளிப்பாட்ட முடியாத நாய்க்கு ஒரு கறித்துண்டில் வைத்துக் கொடுத்துவிட முடிகிற மருந்து இது. எங்கள் தெருவில் பால்காரர் வீட்டு வாசலில் படுக்கிற வெள்ளைக்காலனுக்கு, நாலைந்து பேர் காசு சேர்த்து, டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டு அப்படித்தான் கொடுத்தோம். அவனுக்கு இருந்தது சார்கோப்டிஸ். ஒட்டுகிற வகை என்பதால் அவனோடு படுத்த இரண்டு நாய்களுக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று பேருக்கும் ஆறிவிட்டது.

மாத்திரைக்கு 5க்கு 5 கொடுக்கிறேன், விலையைச் சேர்த்து நினைத்த பிறகும். ஸ்டீராய்டுக்கும் ஸ்பிரேக்கும் நான் செலவழித்ததைக் கூட்டினால் கிட்டத்தட்ட இரண்டாவது மாத்திரையின் காசு வந்திருக்கும். ஒரத்தநாட்டுக்கு எண் கொடுக்கத் தெரியவில்லை. காலையிலேயே போய்விடுங்கள், பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், போவதற்கு முன் இரண்டு நாள் எதையும் பூசாதீர்கள். ஸ்டீராய்டு என்று சந்தேகம் இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா ரவிக்கை வாங்க வந்தார். பேரனும் கூட வந்திருந்தான், வந்த வேகத்தில் செவலை மேல் சாய்ந்துகொண்டான். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா பளபளன்னு ஆயிட்டாளே, குட்டி போட்டா எங்களுக்கு ஒண்ணு கொடு" என்றார். கொடுக்க மாட்டோம் அக்கா என்றேன். இந்தக் குறை குட்டிகளுக்கும் போகும், பருவத்துக்கு வரும்போது இவளுக்கே திரும்பவும் வரலாம், அதனால் கருத்தடை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஆடி பிறந்ததும் முதல் வாரத்தில் தேதி. லோடு ஆட்டோ அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஆபரேஷன் தையலை நக்காமல் இருக்க, கொஞ்சம் பெரிதாக இன்னொரு துணிக் கோன் தைத்துக்கொண்டிருக்கிறேன். கழுத்து அளவு இரண்டு அங்குலம் கூடியிருக்கிறது.